பொமரேனியன் நாய் எழுப்பிய கேள்வி

2020ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. ஊரடங்கு தொடங்கி இரண்டொரு நாட்களே ஆகியிருந்தன. தில்லியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீடுகளில் திருச்சிப் பக்கத்து அம்மையார் ஒருவர் தனியே வசிக்கிறார். கணவர் காலமான பின் அவருக்குத் துணையாக இருந்தது மணி என்ற நாய்தான். நம்மவர்கள் பொமரேனியன் என்று வழங்கும் வெள்ளைச் சடை நாய் அது. அதனை வெளியேற்றிவிட வேண்டும் என்று குடியிருப்போர் சிலர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஹாங்காங்கில் இதே ஜாதி நாய்க்குக் கொரோனா கண்டதென்றும், அது இறந்தே போயிற்றென்றும் அவர்கள் படித்திருந்தார்கள். அம்மையார் கதவருகே தள்ளி நின்று என்னைக் கேட்டார்: "தம்பி, சர்க்கார் காகிதங்களையெல்லாம் மொழிபெயர்க்கிறவர் நீங்கள். நாய்க்கு இந்த வியாதி வருமா, வராதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்."

அன்று ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கதையை இன்று சற்று விரிவாகவே சொல்லலாம்.

ஹாங்காங் நாய்க்கு வயது 17. அதன் எஜமானிக்கு நோய் கண்டதும், பிப்ரவரி 26ஆம் தேதி அந்நகரின் வேளாண்மை, மீன்வளத் துறையினர் நாயைத் தம் பொறுப்பில் எடுத்துத் தனியே வைத்தார்கள். 13 நாட்களில் அதன் மூக்கிலிருந்து எடுத்த ஐந்து மாதிரிகளில் கிருமியின் மரபுப்பொருள் தென்பட்டது. ஆனால் மிகச் சிறிய அளவிலேயே தென்பட்டது. இதனை 'வீக் பாஸிட்டிவ்' என்று அறிவித்தார்கள். இந்த இரண்டு சொற்களை எப்படித் தமிழாக்குவது என்று நான் வெகுநேரம் யோசித்தது உண்டு. 'நோய் உறுதி' என்றால் அது மிகை. 'நோய் ஐயம்' என்றால் அது குறை. உலகத்துப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தோன்றவில்லை. மார்ச் 14ஆம் தேதி வீடு திரும்பிய நாய் 16ஆம் தேதி இறந்தபோது, கொரோனாதான் கொன்றது என்று ஊரெங்கும் பேச்சாயிற்று. மனிதக் கணக்கில் முதுமை முற்றிய கிழவன் அது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? தனியே வைத்திருந்த காலத்தில் அதனிடம் இந்நோயின் குறி எதுவும் காணப்படவில்லை. உடலை அறுத்துச் சோதிக்க எஜமானி இசையாததால், மரணத்தின் காரணம் மருத்துவ முறைப்படி நிறுவப்படவே இல்லை.

ஆயினும் நாயை முற்றிலும் விடுவித்துவிடவும் இயலாது. முதலில் நடந்த இரத்தச் சோதனையில் எதிர்ப்பொருள் காணப்படவில்லை. பின்னர் நடந்த சோதனையில் காணப்பட்டது. அதாவது கிருமி மூக்கில் தூசிபோல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உடலுக்குள் புகுந்திருக்கிறது. மார்ச் மாதத்திலேயே அந்நகரில் இரண்டரை வயதான ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஒன்றிடமிருந்து உயிருள்ள கிருமியையே பிரித்தெடுத்தார்கள். இரு நாய்களிடமும் கண்ட கிருமி, அந்தந்த வீட்டு நோயாளியிடம் கண்ட கிருமியோடு மரபமைப்பில் ஒத்திருந்தது. நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்து கொண்டுவந்து சோதித்த 15 நாய்களில் இவை இரண்டுக்கு மட்டுமே தொற்று இருந்தது.

நாயைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 2003இல் ஸார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்கு வீடுகளில் வளர்ப்புப் பூனைகளுக்கும் அக்கிருமி தொற்றியிருந்தது. பட்டறிவு பெற்ற நகரம் அது.

கொரோனா என்ற குடும்பமும் நாய்களுக்குப் புதிதன்று. சளி பிடித்த மனிதர்களிடமிருந்து இவ்வகைக் கிருமியை இங்கிலாந்து அறிஞர்கள் 1965இல் கண்டார்கள். கொரோனா என்ற பெயர் 1968இல் வந்தது. 1971இல் ஜெர்மனியில் படை நாய்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கிய கிருமியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நாய்களுக்குப் போடும் சில கூட்டுத் தடுப்பூசிகளின் மேலுறையில் கொரோனா என்று அச்சிட்டிருப்பது அந்தக் குடல்நோயைக் குறித்தது. அதைக் கண்டு, மணிக்குத்தான் ஊசி போட்டாயிற்றே என்று அம்மையார் ஆறுதல் கொண்டதும் உண்டு. ஆனால் அந்த ஊசிக்கும் 2020இன் கிருமிக்கும் தொடர்பில்லை.

2020 ஏப்ரலில் சீனாவின் ஹார்பின் நகர ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிருமியைப் பிராணிகளின் மூக்கில் செலுத்திப் பார்த்ததில், கீரியை ஒத்த ஃபெரட்டுக்கும் பூனைக்கும் அது எளிதில் பற்றியது. நாயிடம் அரிதாகவே பற்றியது. பன்றி, கோழி, வாத்து ஆகியவற்றிடம் பற்றவே இல்லை. கிருமி உயிரணுவுக்குள் நுழைய ஏ.சி.இ.2 என்ற புரதம் வாயிலாக அமைகிறது. நாயிடமும் அவ்வாயில் உண்டு. ஆனால் அதன் அமைப்பு மனிதனுடையதினின்று சற்று வேறுபட்டது, மூச்சுப் பாதையில் குறைவாகவே காணப்படுவது. இத்தாலியில் அவ்வாண்டு நடத்திய இரத்தச் சோதனையில் 3.3 சதவீத நாய்களிடமும் 5.8 சதவீதப் பூனைகளிடமும் எதிர்ப்பொருள் இருந்தது.

பிராணியிடமிருந்து மனிதனுக்குத் திரும்பிய நிகழ்ச்சிகளும் இல்லாமற் போகவில்லை. டென்மார்க்கில் பண்ணை மிங்க்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவியதால், 2020 நவம்பரில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் மிங்க்குகளைக் கொல்ல உத்தரவாயிற்று. தாய்லாந்தில் 2021இல், தும்மிய பூனையிடமிருந்து கால்நடை மருத்துவர் ஒருவருக்குத் தொற்றியது. நம் வண்டலூர்ப் பூங்காவில் அவ்வாண்டு ஜூன் மாதம் தொற்றுக் கண்ட சிங்கங்களில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. இப்பட்டியலில் வீட்டு நாய் இடம்பெறவில்லை. நாயிடமிருந்து மனிதருக்குக் கோவிட் பரவியது என்பதற்கு உறுதிப்பட்ட சான்று கிடைக்கவில்லை. நாய்க்கு நோய் கொடுத்தவர்கள் நாமேயன்றி, நமக்குக் கொடுத்தது நாயன்று.

இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியாதவை. விலங்குகளுக்கு உணவு தடைப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது மட்டுமே தெரியும். அதைத்தான் அக்கம்பக்கத்தாரிடம் சொன்னேன். எவரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் மீண்டும் வந்து கதவைத் தட்டவும் இல்லை.

2021 ஏப்ரலில் அம்மையாருக்கே காய்ச்சல் கண்டது. மணியை என் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, உள்ளே தாளிட்டுக்கொண்டார். பதினான்கு நாள் நானே அதற்குத் தயிர்ச்சோறு வைத்தேன். முதல் இரண்டு நாள் அது தொடவில்லை. மாலையில் அவர் சன்னலைத் திறந்து எதிர்ப்புறத்திலிருந்து குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பின்பே உண்ணும். பதினைந்தாம் நாள் அவர் கதவைத் திறந்தபோது, கயிற்றை அவிழ்க்கும்வரை அதற்குப் பொறுமை இருக்கவில்லை. கட்டியிருந்த நாற்காலியையும் இழுத்துக்கொண்டு ஓடிற்று.