கற்கும் காலத்துக்குக் கூலி கொடுப்பது யார்?

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இவற்றுக்கு ஒரு மாதம் முன்னரே இரங்கூன் வீழ்ந்துவிட்டது. அதனோடு பர்மிய அரிசியின் வரவும் நின்றது. வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பியே பெரும்பாலும் உண்டுவந்த இலங்கைக்கு இது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் உழவர்களுக்கு உலக விவகாரம் என்பது பத்திரிகை படித்து வந்த அறிவன்று. டோக்கியோவிலும் இலண்டனிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் அரிசிச் சாக்கின் வழியாக அவர்களுடைய வீட்டுக்குள் வந்தன. எந்த நாடு எந்த நாட்டோடு பொருதினால் தன் அடுப்பில் உலை கொதிக்காது என்பதை அந்த ஆண்டிலே கிழக்குக் கரை தெரிந்துகொண்டது. ஆயினும் அந்த உறவுகளைப் பேசித் தீர்க்கும் மேசைகளில் இக்கரையின் பிள்ளைகள் அமர்ந்தனரா? அமர்வதற்குரிய பயிற்சியை யார் செலவில் பெறுவது? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

போர்க்கால உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். இந்துக் கல்லூரியில் தமிழ் மணத்தோடு கற்றவர். இலங்கைச் சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிம். அவர் அங்கு போய்ச் சேர்ந்த வழியைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துத் தேறியதும், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். சிவில் சேவைப் பரீட்சையில் வெற்றி கிட்டியதும் திரும்பி வந்தார். கற்கும் காலத்திலும் அரசாங்கம் பணம் கொடுத்தது. வேலை பழகும் காலத்திலும் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. அஸீஸ் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தையார் சட்டத்தொழில் செய்தவர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கே பொதுப் பணம் தேவைப்பட்டதென்றால், மருதமுனையில் தறியில் அமர்ந்திருந்தவனுடைய பிள்ளையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

இந்த உண்மையை அவரே கண்டுகொண்டார் என்பதற்குச் சான்று உண்டு. கல்முனைக்கு வந்த அதே ஆண்டிலே, காடு வெட்டி நெல் விளைவிக்கும் வேலையோடு நில்லாது, முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றையும் அங்கு தோற்றுவித்தார். காணியற்றவர்களுக்குக் காணி கிடைத்தது. அக்காணிகளில் ஒரு பகுதியை மக்கள் 'அஸீஸ் துரைக் கண்டம்' என்றே அழைத்தனர். (துரை என்ற சொல்லை வெள்ளையனிடமிருந்து பறித்துத் தம்மவன் ஒருவனுக்குச் சூட்டியதில் மக்களுக்கு இருந்த மகிழ்ச்சியை நாம் எளிதில் ஊகிக்கலாம்.) பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இக்காலத்தது. நெல்லும் கல்வியும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பதைக் கல்முனை அவருக்குக் கற்பித்தது எனலாம். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியபோது, கல்முனையில் விதைத்த எண்ணமே நாடளாவிய நிறுவனமாக முளைத்தது.

வறிய மாணவனுக்கு அறிவு இல்லை என்று அந்த நிதி எண்ணவில்லை. அவனுக்குக் காலம் இல்லை என்று எண்ணியது. கற்கும் ஒவ்வொரு மாதமும் அவன் வீட்டுக்கு ஒரு மாத வருமானம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யாத எந்தக் கல்வித் திட்டமும் பணக்காரனுக்கே பயன்படும்.

ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் இதை மறைத்துப் பேசும் வழக்கம்கூட இருக்கவில்லை. பிரித்தானிய இராசதந்திர சேவையில் சேர விரும்பும் இளைஞன், ஆண்டுக்கு 400 பவுண் சொந்த வருமானம் தனக்கு உண்டு என்று காட்டவேண்டும் என்பது விதி. முதல் இரண்டு ஆண்டுகள் தூதரகத்தில் சம்பளமின்றி உழைக்கவேண்டும். அக்காலத்தில் அவனைத் தாங்குவதற்கே அந்த 400 பவுண். உலகின் கால்பங்கை ஆண்ட நாடு, தன் தூதுவர்களை இப்படித்தான் பொறுக்கி எடுத்தது. முதலாம் உலகப் போர் முடிந்த பின், 1919இல்தான் அந்த விதி அகற்றப்பட்டது. இளைஞனின் மூளையை அளப்பதற்கு முன் அவன் தகப்பனின் பணப்பையை அளந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே காலத்து இலங்கையில் காணலாம். 1904ஆம் ஆண்டின் இறுதியில் லெனாட் வூல்ஃப் என்னும் இளைஞர் சிவில் சேவைப் பயிலுநராகக் கொழும்பில் வந்திறங்கினார். தந்தையை இளமையிலே இழந்தவர். இராசதந்திர சேவையின் வாசலை மிதிக்கும் வசதி அவருக்கு இல்லை. குடியேற்ற நாட்டுச் சேவையோ முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுத்தது. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கச்சேரி வேலை பழகினார். ஏகாதிபத்தியம் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து கண்டு, அதை வெறுத்து, வேலையை விட்டுத் திரும்பினார். 1916இல் அவர் எழுதிய 'சர்வதேச அரசாங்கம்' என்னும் நூல், சர்வதேச சங்கம் பற்றிய பிரித்தானிய யோசனைகளுக்கு உதவியது. சம்பளத்தோடு கச்சேரியில் வேலை பழகிய ஒருவர் உலக ஒழுங்கைப் பற்றிச் சிந்திக்கும் நிலைக்கு வந்தார் என்பது இதிலுள்ள பாடம். அந்தச் சம்பளம் இலங்கை உழவனின் வரியிலிருந்து போனது என்பதையும் மறந்துவிடக்கூடாது. நம்முடைய பணம் ஓர் அந்நிய இளைஞனுக்குச் சர்வதேச அறிவைத் தேடிக்கொடுத்தது, நம்முடைய பிள்ளைகளுக்கு?

சுதந்திரம் 1948இல் வந்தது. மறு ஆண்டே வெளிநாட்டுச் சேவை அமைக்கப்பட்டது. அதற்கான பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. ஆகவே ஆங்கிலப் பாடசாலைகள் நிறைந்த நகரங்களின் பிள்ளைகளே தேறினர். கிழக்குக் கரையில் ஆங்கிலக் கல்வி தாமதித்தே வந்தது. அதற்கு அரசாங்கத்தின் புறக்கணிப்பும் காரணம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று நம் முன்னோர் மிஷன் பாடசாலைகளை அஞ்சி ஒதுங்கியதும் காரணம். ஆங்கிலத்தின் ஆதிக்கம் தளர்ந்தபோது 1956ஆம் ஆண்டின் அரச கருமமொழிச் சட்டம் வந்து, தமிழ் பேசும் மக்களுக்கு வேறொரு கதவைச் சாத்தியது. சிவில் சேவை 1963இல் ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை தோன்றிற்று. இன்று வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். இது சிறிய முன்னேற்றமன்று. ஆனால் எழுத்துப் பரீட்சைக்கு அப்பாலுள்ள பழக்கம், ஒரு கோப்பை எப்படி நடத்துவது, ஒரு தூதுக்குழுவோடு எப்படிப் பேசுவது என்னும் பழக்கம், எந்தப் புத்தகத்திலும் கிடைப்பதில்லை.

வெளிவிவகாரம் நெடுங்காலம் பிரதம மந்திரிகளின் கையிலேயே இருந்தது. அதற்கெனத் தனி மந்திரி 1977இல் நியமிக்கப்பட்டபோது அப்பதவியை ஏற்றவர் அக்குறணையில் பிறந்த ஏ. சி. எஸ். ஹமீத். இதைப் பெருமையாகச் சொல்வோர் பலர்; சொல்லட்டும். ஆனால் உச்சியில் ஒருவர் வீற்றிருப்பது வேறு, அடிப்படியில் நூறு மாணவர் கால்வைப்பது வேறு.

இராசதந்திரம் சாமானியனுக்கு எட்டாத கலை என்பாருக்கு 1952ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி உடன்படிக்கையை நினைவூட்டலாம். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து 270,000 தொன் அரிசியைப் பெற இலங்கை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் முகச்சுளிப்பையும் உதவி நிறுத்தத்தையும் தாங்கிக்கொண்டு செய்த காரியம் இது. களுத்துறை இறப்பர் தொழிலாளிக்கும் கல்முனை உழவனுக்கும் அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியும் பொருள்பட்டது. நெல்லின் விலை தெரிந்தவன் அந்த மேசையில் ஒரு மூலையிலேனும் இருந்திருந்தால் நாட்டுக்கு நட்டமா?

வெளிநாடுகளில் இப்பிரச்சினை இன்னும் தீர்ந்துவிடவில்லை. சமத்துவத்தை உலகுக்குப் போதிக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் ஜெனீவா அலுவலகத்தில் 2015இல் பயிலுநராயிருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க வழியின்றி ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவருக்கு ஒரு சதமும் சம்பளம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் தன் பயிலுநர்களுக்கு உதவிப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2020இல்தான். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களமோ, கோடைவிடுமுறையில் மாணவரைப் பெரும்பாலும் இலவசமாக வேலை வாங்கிவிட்டு, 2022இலே ஊதியம் கொடுக்கும் வழிக்கு வந்தது. அழிந்துபோன 400 பவுண் விதி வேறு பெயரில் நூறாண்டு வாழ்ந்திருக்கிறது! இலவசமாக உழைக்க வல்லவன் யார்? வீட்டிலிருந்து பணம் வருபவன் மாத்திரமே.

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவின் ஏற்பாடு கவனத்துக்குரியது. அந்நாட்டு வெளிவிவகார அமைச்சு அண்மை ஆண்டுகளில் வகுத்த மாணவர் பயிற்சித் திட்டத்தில், மாதம் 10,000 ரூபா கொடுப்பனவும் டில்லிக்குப் போய்வர விமானக் கட்டணமும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இடம் ஒதுக்கியதோடு, பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருபவருக்கு முன்னுரிமையும் அளித்தார்கள். அம்மாவட்டங்களின் பட்டியலில் இராமநாதபுரமும் ஒன்று. கீழக்கரையும் தொண்டியும் அங்கேதான் உள்ளன. மரக்கல வணிகத்தால் நம் கரையோர ஊர்களோடு பல நூற்றாண்டு உறவு பூண்ட ஊர்கள் அவை. இடங்கள் சொற்பமே, பெருந்தொகையினருக்கு இதனால் விடிவில்லை. ஆனாலும் கொள்கை சரியானது: தலைநகரத்துக்கு வரும் வழிச்செலவைத் தலைநகரமே கொடுக்கவேண்டும்.

இனி நம் கரைக்கு மீள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. அதன் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் சாரிசாரியாக வந்தன. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஊர் தெரியாது, எந்தப் பள்ளிவாசலில் யாரைக் கேட்கவேண்டும் என்பது தெரியாது. அப்போது அரைகுறை ஆங்கிலத்தோடு மொழிபெயர்த்தும், வீடு வீடாகக் கணக்கெடுத்தும், அறிக்கை எழுதியும் அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் இவ்வூர் இளைஞர்களும் யுவதிகளுமே. அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. சர்வதேச உறவுகள் என்னும் பாடத்தைச் சம்பளத்தோடு பயின்ற முதல் பெருந்தலைமுறை இக்கரையில் அதுவே என்பது என் அபிப்பிராயம். நிறுவனங்கள் போயின; வேலையும் போயிற்று. அந்த அனுபவத்தைச் சேர்த்துவைக்க அரசாங்கத்திடம் ஒரு பெட்டிகூட இருக்கவில்லை.

அத்தகைய அறிவு எவ்வளவு தேவை என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலையே சாட்சி. கடல்கோளால் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் அங்கு 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு எத்தனை என்ற இனவிகிதத் தகராறும் உயர்நீதிமன்ற வழக்கும் குறுக்கிட, அவை குடியேறுவாரின்றிப் பல்லாண்டுகள் பாழடைந்து புதர் மண்டிக் கிடந்தன. கொடுக்க ஒரு நாடு இருந்தது. வாங்க ஒரு மக்கள் இருந்தனர். இடையில் நின்று, கொடையின் நிபந்தனையையும் நாட்டின் சட்டத்தையும் அயலவரின் ஐயத்தையும் முன்கூட்டியே பேசித் தீர்க்கக்கூடியவர் போதவில்லை. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குச் செல்லும் நம் பெண்களின் ஒப்பந்தத் தாளும் இவ்வகையானதே. அதை அந்தப் பெண்ணின் மொழியில் படித்துச் சொல்லவும், அந்நாட்டு அதிகாரியோடு வாதாடவும் தூதரகத்தில் ஆள் வேண்டும்.

பணமில்லை என்று அரசாங்கம் சொல்லுமாயின், 2020ஆம் ஆண்டை எடுத்துக்காட்டலாம். வேலையற்ற பட்டதாரிகள் பல்லாயிரவரை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநராக அவ்வாண்டு அரசாங்கம் சேர்த்துக்கொண்டது. அவர்களிற் பலர் பிரதேச செயலகங்களில் நாற்காலிக்கும் வேலைக்கும் காத்திருந்ததை ஊரார் கண்டனர். பட்டம் பெற்றுப் பல ஆண்டு சோர்ந்தபின் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, படிக்கும் காலத்து விடுமுறையிலே கொடுத்தால் என்ன? உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவன் பல்கலைக்கழகம் புகும்வரை ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் நாடு இது. அதைவிட நீண்ட விடுமுறை உலகில் எங்கும் இருக்கமுடியாது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டு முழு உரிமை பெற்றது. அங்கு அரசறிவியலும் அரபு மொழியும் பயிலும் மாணவர் இருக்கின்றனர். தமிழும் அரபும் அறிந்த ஒரு மாணவியை இரண்டு மாதம் வெளிவிவகார அமைச்சில் அமர்த்தினால், வளைகுடாவிலிருந்து வந்து குவியும் முறைப்பாடுகளில் எத்தனையை அவள் படித்துத் தரமுடியும்!

அவளுக்கு ஆகும் செலவையும் கணக்கிடுவோம். கல்முனைக்கு இரயில் இல்லை. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புக்குப் போய் இரயில் ஏறவேண்டும். இல்லையேல் இரவு முழுவதும் பஸ்ஸில் பயணம் செய்து விடியலில் கொழும்பில் இறங்கவேண்டும். பெண்பிள்ளை தங்கப் பாதுகாப்பான அறை வேண்டும். மூன்று வேளை உணவு, அலுவலகத்துக்கேற்ற உடை, நாள்தோறும் வழிச்செலவு, இவை யாவும் முதல் நாளிலேயே கைப்பணம் கேட்பவை. இவ்வளவும் கொடுக்க வல்ல தகப்பன் இக்கரையில் போடியாராகவோ பெருவணிகராகவோ இருக்கவேண்டும். முல்லைக்காரனாய் வயல் காப்பவனால் இயலாது. ஆகஸ்ட் மாதம் சிறுபோக வெள்ளாமை வெட்டுக் காலமும் ஆகும். இயந்திரம் வந்துவிட்ட பின்னும் நெல் காயவைக்கவும் மூடை ஏற்றவும் கை வேண்டும். அதற்கு நாட்கூலி உண்டு. அவளுடைய தம்பி அந்தக் கூலிக்கு வயலுக்குப் போகிறான்.