பிஹெச்.டி. ஆய்வேடுகளை ஆன்லைனில் காப்பது யார்? களஞ்சிய நிர்வாகிகளுக்கு ஏன் ஒரு கூட்டமைப்பு தேவை?

பல வருஷம் உழைத்து எழுதிய பிஹெச்.டி. ஆய்வேடு, ஒரு சர்வர் பழுதானால் காணாமல் போய்விடுமா? முறையான பேக்கப் இல்லையென்றால் போகலாம். அதைத் தடுப்பதுதான் நிறுவனக் களஞ்சிய நிர்வாகிகளின் வேலை.

நிறுவனக் களஞ்சியம் என்றால் என்ன?

பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஆய்வேடு, கட்டுரைகளைச் சேமித்து, எல்லோரும் இலவசமாகப் படிக்கத் தரும் டிஜிட்டல் கிடங்கு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி 2002-லேயே இதைத் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹெச்.பி. நிறுவனமும் 'டிஸ்பேஸ்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டன. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா'வில் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் உள்ளன.

சிக்கல் எங்கே?

பல கல்லூரிகளில் இதைப் பார்ப்பது ஒரே ஒரு நூலகர்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவதோடு சர்வர், காப்புரிமை எல்லாம் அவர் தலையில். அவர் ஓய்வு பெற்றால், பாஸ்வேர்டு எது, பேக்கப் எங்கே என்று சொல்ல ஆளில்லை.

நம்ம ஊருக்கே உரிய தலைவலியும் உண்டு. இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா என்று முடிவு செய்யாததால், ஒரே ஆய்வாளர் இரண்டு பேராகப் பதிவாகிறார். யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் டைப் செய்த தமிழ் ஆய்வேடு, தேடினாலும் சிக்காது.

கூட்டமைப்பு என்ன செய்யும்?

பிரிட்டனில் களஞ்சிய நிர்வாகிகள் 2007-லேயே 'யுகேகோர்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அனுபவத்தைப் பகிர்வதே அதன் முக்கிய வேலை.

இங்கேயும் பெரிய நிதி தேவையில்லை. பக்கத்து மாவட்டங்களின் நான்கைந்து நூலகர்கள் சேர்ந்தாலே போதும்:

• பெயர் எழுதுவதற்கு ஒரே விதி
• ஒருவர் பேக்கப்பை இன்னொருவர் வைத்திருப்பது
• மென்பொருள் அப்டேட்டில் மாட்டிக்கொண்டால் கைகொடுப்பது
• எந்த இதழ் கட்டுரையை எந்த வடிவில் ஏற்றலாம் என்ற பொதுப் பட்டியல்
• புதிதாக வருபவருக்கு ஒப்படைப்புக் குறிப்பேடு

இதில் கடைசியானதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஆள் மாறினாலும் களஞ்சியம் நிற்காது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஆய்வேடு சோத்கங்காவில் திறக்கிறதா, பெயர் சரியா என்று பாருங்கள். பிரவுசர் முகவரியை அல்ல, அங்குள்ள நிரந்தர 'ஹேண்டில்' இணைப்பைக் குறித்து வையுங்கள். தளம் இடம் மாறினாலும் ஆய்வேட்டுக்கு வழிகாட்டவே அந்த இணைப்பு தரப்படுகிறது.