ஒரு மாதம் எண்டா எத்தனை நாள்?

எங்கட ஊர் மாதர் சங்கம் ஒண்டு உறுப்பினர்களுக்குச் சின்னக் கடன் குடுக்கும். தவணைக் கணக்கு முந்தி ஒரு கணினியில, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில இருந்தது. அதைக் கைபேசிக்கு மாத்தித் தாறன் எண்டு நான்தான் பொறுப்பெடுத்தன். கைபேசிக்கு வசதியெண்டு எஸ்கியூலைட்டைப் பாவிச்சன். ஜனவரி 31 கடன் எடுத்த ஒரு அக்காவுக்கு முதல் தவணை பழைய கணக்கில பெப்ரவரி 28. புதுசில மார்ச் 3. அவ மார்ச் 2 காசோட வந்து நிண்டா. பழைய கணக்கு குற்றப்பணம் கட்டச் சொல்லுது, ஃபோன் தேவையில்லை எண்டுது. எல்லாரும் என்னைப் பார்த்தினம்.

இரண்டு இடத்திலயும் நான் கேட்டது ஒண்டுதான்: இந்தத் திகதியோட ஒரு மாதத்தைக் கூட்டு. மைஎஸ்கியூஎல் பெப்ரவரியின் கடைசி நாளில நிண்டுகொள்ளும். எஸ்கியூலைட் பெப்ரவரி 31 எண்டு எழுதிப்போட்டு, இல்லாத மூண்டு நாளையும் மார்ச்சுக்குள்ள தள்ளிவிடும். தங்கட விதிப்படி இரண்டும் சரி. அப்ப ஒரே மொழிக்குள்ள ஏன் இரண்டு விதி?

எஸ்கியூஎல் பிறந்தது ஐபிஎம்மில. சேம்பர்லினும் பொய்சும் 1974இல் அதை அறிமுகப்படுத்தினார்கள். 1979இல் ஒராக்கிள் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுத் தரம் 1986இல் வந்தபோது அதில் திகதி எண்ட தரவு வகையே இருக்கவில்லை! சம்பளம், வட்டி, வாடகை எல்லாம் திகதியில ஓடுற உலகத்தில நிறுவனங்கள் காத்திருக்குமா? ஆளாளுக்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். 1992 தரம்தான் திகதியையும் கால இடைவெளியையும், கூடவே ‘இப்படியெண்டா இது, இல்லாட்டி அது’ எண்டு கேட்கிற கேஸ் எண்ட சொல்லையும் தந்தது. அதுவரை ஒராக்கிள்காரர் டிகோட் எண்ட ஒண்டை வச்சுச் சமாளிச்சார்கள். அதுக்குச் சமனா இல்லையா எண்டு மட்டும்தான் பார்க்கத் தெரியும். தவணை பிந்திப்போச்சோ எண்டு அறிய, ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழிச்சு, வாறது கூட்டலா கழித்தலா எண்டு பார்க்க வேணும். சுத்திவளைச்ச வேலைதான், ஆனா ஓடினது.

1992 தரத்தின்படி ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினா பிழைச் செய்தி வரவேணும், ஏனெண்டா அப்படியொரு நாள் இல்லை. ஒராக்கிளின் இடைவெளிக் கணக்கு அப்படியே பிழை சொல்லும். அதே ஒராக்கிளில் மாதம் கூட்டுற பழைய செயற்கூறு பெப்ரவரி 28 எண்டு சொல்லும். பெப்ரவரி 28ஐக் குடுத்தா, அது மாதத்தின் கடைசி நாள் எண்டு கண்டு, மார்ச் 31க்குப் போகும். போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் அது மார்ச் 28. கடன்காரருக்கு மூண்டு நாள் வித்தியாசம்.

எஸ்கியூஎல் சேர்வருக்கு இன்னொரு குணமும் உண்டு. சைபேஸ் வழியாக வந்த அதன் பழைய திகதி வகை 1753 ஜனவரி 1இல்தான் தொடங்கும். 1752இல் இங்கிலாந்து நாட்காட்டியை மாத்தி, செப்ரெம்பர் 2க்கு அடுத்த நாளை 14 ஆக்கினது. அந்தக் குழப்பமே வேண்டாமெண்டு விட்டிட்டார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச 1658ஐ அதுக்குள்ள எழுதப்போனா ஏற்காது. ஆண்டு ஒண்டிலிருந்து எழுதக்கூடிய புது வகை 2008 பதிப்பிலதான் வந்தது.

அக்காவிட்டக் குற்றப்பணம் வாங்கேல்லை. அடுத்த கூட்டத்தில கதைச்சு, அந்த நாள் இல்லாத மாதத்தில கடைசி நாள்தான் தவணை எண்டு சங்கக் கொப்பியில எழுதினம். நான் கேஸ் ஒண்டு போட்டன்: கூட்டிவாற திகதி அடுத்த மாதத்தின் கடைசி நாளைத் தாண்டினா, கடைசி நாளை எடு. ஒவ்வொரு தவணையையும் கடன் எடுத்த திகதியிலிருந்தே எண்ண வைச்சன். முந்தின தவணையிலிருந்து எண்ணினா, 31ஆம் திகதிக்காரர் பெப்ரவரியில 28க்கு இறங்கிப் பிறகு ஏறவேமாட்டார். எஸ்கியூலைட்டின் 2024 பதிப்பில இதுக்கெண்டே ஒரு சொல் சேர்த்திருக்கினம். எங்கட ஃபோனில இருக்கிறது அதுக்கு முந்தினது.