ஐந்நூறு டாலர் முனைவர்கள்

அமெரிக்க உளவியலின் தொடக்கக் கதைகளில் 500 டாலர் என்ற தொகை அடிக்கடி தலைகாட்டுகிறது. பாதிரியார் படிப்பில் இருந்த ஸ்டான்லி ஹாலுக்கு, 1860களின் இறுதியில் ஜெர்மனி போய்ப் படிக்க ஆசை, கையில் காசில்லை. புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்ட் பீச்சர் பரிந்துரைக்க, மரவியாபாரத்தில் பணம் குவித்த ஹென்றி சேஜ் 500 டாலர் கடன் கொடுத்தார். அதே ஹால்தான் 1878இல் ஹார்வர்டில் முனைவர் ஆனார். உளவியலில் அந்நாடு தந்த முதல் முனைவர் பட்டமாக அதைச் சொல்வார்கள்.

பால்டிமோரில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், தெரிந்தெடுத்த ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் உதவித்தொகை தந்தது. ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1882இல் அதைப் பெற்றார். அத்தையிடம் 500 டாலர் கடன் வாங்கிக்கொண்டு அதே ஆண்டு வந்து சேர்ந்தவர் ஜான் டூயி. மறு ஆண்டு உதவித்தொகை டூயி கைக்குப் போயிற்று. கேட்டல் லைப்சிக்குக்குக் கப்பலேறி, ஜெர்மன் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் 1886இல் பட்டம் வாங்கினார்.

கிறிஸ்டீன் லாட் கதை வேறு. அவருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணம் கொடுத்தார்கள். ஆனால் உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் பெயரை அச்சிடவில்லை. பெண்ணின் பெயர் அதில் ஏறினால் அதுவே முன்னுதாரணமாகிவிடும் என்ற பயம்! 1882இலேயே படிப்பை முடித்த அவர், பின்னாளில் நிறப்பார்வை ஆய்வில் பெயர் வாங்கினார். பட்டம் கைக்கு வந்தது 1926இல், 78 வயதில்.

உதவித்தொகை எட்டாதவர்கள் உடலுழைப்பை நம்பினார்கள். 1900இல் சிகாகோ வந்த ஜான் வாட்சன், தங்கும் விடுதியில் உணவு பரிமாறினார், துறை அறைகளைப் பெருக்கினார், ஆய்வகத்து வெள்ளெலிகளுக்குத் தீனி போட்டார். எலிகளைப் பற்றியே எழுதிய ஆய்வேட்டை அச்சிட, பேராசிரியர் டொனால்ட்சனிடம் 350 டாலர் கடன் வாங்கினார். அதை அடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டு ஆயிற்று.

கடனும் கருணையுமாக ஓடிய இந்தப் பிழைப்பை மாற்றியது இரண்டாம் உலகப் போர். மனம் நொந்து திரும்பிய படைவீரர்களைக் கவனிக்க ஆள் போதவில்லை. 1946இல் முன்னாள் படைவீரர் நிர்வாகம் 22 பல்கலைக்கழகங்களில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்பில் சுமார் 200 பேரைச் சேர்த்தது. அவர்கள் வாரத்தில் பாதி நேரம் மருத்துவமனையில் வேலை செய்தார்கள், செய்த நேரத்துக்குக் கூலி வாங்கினார்கள். அதே ஆண்டு நிறைவேறிய தேசிய மனநலச் சட்டம் இன்னொரு நிதிக்கதவைத் திறந்தது. அதுவரை ஆய்வகத்தைச் சுற்றியே வளர்ந்த துறை, இந்தப் பணத்தின் பின்னால் மருத்துவமனைப் பக்கம் நகர்ந்தது. அதில் வியப்பில்லை, சம்பளம் அங்கேதான் இருந்தது.

பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: எந்தத் துறைகளை நம்பி மாணவர்களை அனுப்புவது? அமெரிக்க உளவியல் சங்கத்திடம் தகுதியான துறைகளின் பட்டியல் கேட்டார்கள். அந்நாட்டு மருத்துவ உளவியல் முனைவர் படிப்புகளுக்குச் சங்கம் இன்றுவரை வழங்கிவரும் அங்கீகாரம் அந்தப் பட்டியலிலிருந்து வளர்ந்ததுதான்.