பெற்றதையும் விடுதல்: பாகூர் வட்டாரத்து அனுபவத் துறவு

புதுவைக்குத் தெற்கே, நெல்வயல்களும் பேரேரியும் சூழ அமைந்த பாகூர், கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், இவ்வூரில் விளங்கிய வித்தியாத்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்றன. இச்செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் பகர்கின்றன. மூலநாதர் திருக்கோயில் கல்வெட்டுகள் சோழர் காலத்தையும், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்தையும் நினைவூட்டுகின்றன.

கொடை என்பதன் இலக்கணம் யாது? நீர்வார்த்துக் கொடுத்த பின்னர், கொடுத்தவர்க்கு அப்பொருளின்மீது உரிமை இல்லை என்பதே அது. நிலத்தை இவ்வாறு விடுதல் அரிது. தவத்தினால் தனக்கு வாய்த்த அனுபவத்தை விடுதல் அதனினும் அரிது. திருக்குறளின் துறவு அதிகாரம் பற்றினை ‘யான்’ என்றும் ‘எனது’ என்றும் இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றது. நிலமும் பொன்னும் ‘எனது’ என்பதன்பாற் படுவன. ‘யான் கண்டேன், யான் அடைந்தேன்’ என்னும் தவ அனுபவமோ இரண்டும் கலந்த பற்றாகும். வீட்டைத் துறந்து வெளியேறியவரையும் இப்பற்று விடாது பின்தொடரும்.

பாகூருக்குத் தெற்கே கடலூரும், அதன் தென்மேற்கே வடலூரும் உள்ளன. வடக்கே புதுச்சேரி உள்ளது. இவ்விரு திசைகளிலும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எல்லைக்குள், பெற்ற அனுபவத்தையும் கடந்து சென்ற பெரியோர் இருவர் வாழ்ந்தனர். அவர்தம் செயலின் அருமையை உணர, முதற்கண் நூல்மரபினை நோக்குதல் வேண்டும்.

நூல்கள் காட்டும் நெறி

பதஞ்சலியின் யோகசூத்திரம் விபூதி பாதத்தில் பலவகைச் சித்திகளை விரித்துரைக்கின்றது. அங்ஙனம் உரைக்கும்போதே, அவை புறநோக்குடைய மனத்திற்குச் சித்திகளாகத் தோன்றினும் சமாதிக்கு இடையூறுகளே என்று எச்சரிக்கின்றது. அவற்றின் மீதும் பற்றற்ற வழியே கைவல்லியம் வாய்க்கும் என்று முடிக்கின்றது. கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகை இன்னும் நுட்பமாகப் பேசுகின்றது. தியானத்தில் எழும் இன்பத்தைச் சுவைத்து நின்றுவிடலாகாது, அறிவினால் அதனின்றும் பற்றறுதல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. பிற்கால வேதாந்திகள் இச்சுவைப்பை ‘இரசாசுவாதம்’ எனப் பெயரிட்டு, தியானத்திற்குரிய தடைகள் நான்கனுள் ஒன்றாக எண்ணினர். சித்தி என்னும் ஆற்றல் மட்டுமன்றி, அமைதி என்னும் இன்பமும் தளையாகக் கூடும் என்று கண்டமையே இம்மரபின் கூர்மை.

சைவ சித்தாந்தம் கூறும் தசகாரியமும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. அதன்கண் ஆன்ம தரிசனத்தை அடுத்து வைக்கப்பெற்றிருப்பது ஆன்ம சுத்தி. கண்டதோடு பயணம் முடிவதில்லை. ‘கண்டவன் யான்’ என்னும் முனைப்பும் கழிதல் வேண்டும். அதன் பின்னரே சிவரூபம் முதலிய படிகள் வருகின்றன.

தெற்கே: தம் பாடல்களையே கடந்தவர்

1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகள், இளமை தொட்டுச் சென்னையில் வாழ்ந்தார். ஒற்றியூரிலும் கந்தகோட்டத்திலும் அவர் உருகிப் பாடிய பாடல்கள் அன்பர் உள்ளங்களைக் கொள்ளை கொண்டன. 1858இல் சென்னையை நீங்கிப் பின்னர்க் கருங்குழியில் தங்கினார். இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார் முதலிய அன்பர்தம் முயற்சியால், 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. அப்பதிப்பு வருவதற்கு முன்பே, தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகின்றது என்று அடிகள் கடிதவாயிலாக மறுத்துரைத்தார். பெருமையினின்றும் விலகும் மனம் அப்பொழுதே அவரிடம் முதிர்ந்திருந்தது.

நூல் வெளிவந்ததும் அருட்பா–மருட்பா விவாதம் மூண்டது. அப்பாடல்களை அருட்பா எனல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அணியினர் மறுத்தனர். கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலும் 1869இல் வழக்கு நிகழ்ந்தது. ஒரு சாரார் அப்பாடல்களைத் திருமுறை எனப் போற்ற, மறுசாரார் இகழ்ந்தனர். பாடியவரோ நான்கே ஆண்டுகளில் இருசாராரும் எதிர்பாராத நிலையினை மேற்கொண்டார்.

1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியினை ஏற்றி, அவர் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டோர் குறித்து வைத்தமையால் நமக்குக் கிடைத்துள்ள அவ்வுரையே பேருபதேசம் எனப்படுவது. சமய மதங்களிலும் அவை கூறும் சித்திகளிலும் இலட்சியம் வைத்துக் காலத்தைக் கழிக்க வேண்டா என்று அதில் அறிவுறுத்துகின்றார். பிறர் நூல்களைப் பற்றி இவ்வாறு கூறியதோடு அவர் அமையவில்லை. தாம் முன்னர்ச் சைவ சமயத்தில் வைத்திருந்த பற்று அளவிறந்தது என்றும், அதற்குத் தம் பாடல்களே சான்று என்றும், அக்காலத்தில் தமக்கிருந்த அறிவு சிறிதே என்றும், அப்பற்றினை விட்டதனாலேயே மேல்நிலை எய்தியதாகவும் வெளிப்படக் கூறுகின்றார். தம்மை உயர்த்தியது தயவு ஒன்றே என்பது அவர் கொண்ட முடிபு.

அவர்முன் அமர்ந்திருந்தோருள் பலர் அப்பாடல்களைப் பாடியே அவரை வந்தடைந்தவர்கள். அவர்தம் நெஞ்சு அன்று என்ன பாடுபட்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐம்பது வயது நிரம்பிய ஒருவர், தமக்குப் புகழ் தந்ததும், பகைவர் இகழ்ந்தபோது அன்பர்கள் அரணாக நின்று காத்ததுமான ஒன்றனை, ‘அது முன்னைய படி’ என்று கூறி அப்பாற் செல்லுதல் எளிய செயலன்று. வழக்கில் வெல்லுதலினும் இதற்கு மிக்க துணிவு வேண்டும்.

வடக்கே: முடிவென்று கொள்ளாதவர்

அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரியை வந்தடைந்தார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1908 சனவரியில், பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் மராட்டிய யோகியின் துணையோடு தியானத்தில் அமர்ந்தபோது, மூன்று நாள்களுக்குள் எண்ணம் முற்றும் ஓய்ந்த பெருமோன நிலை அவருக்குக் கைகூடியது. வழிகாட்டியவரும் எதிர்பாராத நிலை அது. பலர் வாழ்நாள் முழுதும் நாடியும் எய்தற்கரிய அவ்வனுபவத்தை அரவிந்தர் மறுக்கவுமில்லை. அதுவே முடிந்த முடிபு என்று அதனுள் அடங்கிவிடவுமில்லை. அதன்மேல் வேறு அனுபவங்கள் விரிந்து வளர இடங்கொடுத்தார் என்பதை அவர்தம் கடிதங்களால் அறிகின்றோம். 1930களில் சாதகர்க்கு எழுதிய கடிதங்களில், இடைநிலை மண்டலம் ஒன்றனைப் பற்றி அவர் எச்சரித்தார். ஆங்குத் தோன்றும் ஒளியையும் ஒலியையும் ஆணைகளையும் இறுதி உண்மை என மயங்குவோர், அகந்தை பெருகி வழிதவறுவர் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம்.

இருவர்தம் கொள்கையும் ஒன்றன்று, சொல்லும் வேறு. ஆயினும், பெற்றதனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்க்கு மேற்படி இல்லை என்பதில் இருவரும் ஒத்து நிற்கின்றனர்.

ஒரு தடையும் விடையும்

பக்தி நெறியில் அனுபவமன்றோ உயிர், கண்ணீரும் மெய்சிலிர்ப்பும் விலக்கத்தக்கனவோ என்று வினவலாம். அனுபவம் வேண்டா என்று மேற்கூறிய நூல்களோ பெரியோரோ எவ்விடத்தும் கூறவில்லை. அடிகள் 1872இல் அருட்பெருஞ்ஜோதி அகவலைப் பாடினார். இறுதிவரை அவர் பாடல் ஓயவில்லை. வந்த அனுபவத்தைத் தனக்குரிய உடைமையாக்குதலே விலக்கத்தக்கது. உடைமையான அனுபவம் இருவகைத் தீங்கு பயக்கும். பெற்றவர் அதனைத் தகுதியாகக் காட்டிப் பிறரைத் தாழ்த்துவர். ஒருமுறை பெற்று மீண்டும் பெறாதவரோ, இறைவன் தம்மைக் கைவிட்டான் என்று மனமுடைந்து சாதனையையே துறப்பர். பின்னவர் துயரே பெரிது. நேற்று வந்த அமைதியை இன்றும் வருகவெனக் காத்திருக்கும் மனத்தில், இன்று வருவதற்கு இடமில்லாது போகின்றது.

ஆகவே, அனுபவத்தின் மெய்ம்மையை அளக்கும் கோல் அதன் வியப்பன்று. அது விட்டுச் சென்ற கனிவே. 1867 மே 23ஆம் நாள் வடலூர்ச் சத்திய தருமச் சாலையில் மூட்டப்பெற்ற அடுப்பு இன்றும் பசித்தோர்க்கு உணவு சமைத்துக்கொண்டிருக்கின்றது. அதனை மூட்டியவர் தாம் கண்ட காட்சிகளைக் கடந்து சென்றார். காட்சிகளால் விளைந்த தயவு பிறர்க்கு உரியதாயிற்று. பாகூர் வித்தியாத்தானத்திற்கு ஊர்களை அளித்தோரும் தம் உரிமையை விட்டமையாற்றான் அங்குக் கல்வி தழைத்தது. பெற்றதனை விட்டோர் இழப்பதில்லை என்பதற்கு இவ்வட்டாரம் செம்பிலும் வாழ்விலும் சான்று பகர்ந்து நிற்கின்றது.