துறவே செல்வம்: மதுரை மிஷன் காட்டிய ஞான வாழ்வு

கோபுரங்கள் சூழ்ந்த கோயில் மாநகரம் மதுரை. இங்கே விழா என்றாலே தேரும் கொடியும் விளக்கும் கண்முன் நிற்கும். பங்கு யூபிலி கொண்டாடும் நாமும் ஆலயத்தின் உயரத்தையும், மணியின் ஓசையையும், கட்டியெழுப்பிய பெரியோரின் உழைப்பையும் பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதே. ஆனால் இம்மதுரைச் சீமையில் நம் விசுவாசம் வேரூன்றிய காலத்தில் ஓங்கிய ஆலயம் இருந்ததா? செல்வம் இருந்ததா? அரசரின் ஆதரவுதான் நிலையாக இருந்ததா? இவை ஒன்றும் இல்லாதபோதும் மக்கள் கிறிஸ்துவைத் தேடி வந்தார்கள் என்றால், அவர்கள் கண்டது என்ன? வரலாறு தரும் விடையைச் சற்றே நினைவுகூர்வோம்.

பலன் காணாத பதினோர் ஆண்டுகள்

1595-ஆம் ஆண்டளவில் இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரையில் தங்கிப் பணியாற்றத் தொடங்கினார். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்திற்காக வந்து போன பரதவக் கிறிஸ்தவர்களின் ஆன்ம நலனைக் கவனிப்பதே அவருடைய முதற்பணி. சிறு ஆலயம் ஒன்றை நடத்தினார். பிள்ளைகளுக்குப் பள்ளியும், பிணியாளருக்கு மருந்துதவியும் ஏற்பாடு செய்தார். நல்லவர்; உழைப்பாளி. ஆயினும் பதினோர் ஆண்டுகளில் இவ்வூர் மக்களுள் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

காரணம் என்ன? மக்கள் கண்ணுக்கு அவர் ஒரு 'பறங்கி'. ஊனும் மதுவும் உண்டு, ஆட்சி பிடிக்கக் கடல் கடந்து வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றே கருதினார்கள். அவர் செய்த தொண்டைப் பெற்றுக்கொண்டார்கள். அவர் சொன்ன வேதத்திற்குச் செவி கொடுக்கவில்லை. இந்நாட்டில் குரு என்று ஒருவர் வந்தால், அவரிடம் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. எதை விட்டுவிட்டு வந்தார் என்றே கேட்பார்கள்.

தத்துவ போதகர்

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் இராபர்ட் தெ நொபிலி. 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். குடும்பத்தாரின் விருப்பத்தை மீறி இயேசு சபை புகுந்தவர். 1606-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரை வந்து சேர்ந்த அவர், காவியுடை அணிந்தார். ஊன் உணவை விலக்கி, நாளுக்கு ஒரு வேளைச் சோறும் காய்கறியும் பாலும் கொண்டார். எளிய குடிலில் தனித்திருந்து தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். மக்கள் அவரைத் 'தத்துவ போதகர்' என்று அழைத்தனர்.

முதலில் அவரிடம் மனம் திறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஏறத்தாழ இருபது நாள்கள், நாள்தோறும் பல மணி நேரம், கடவுளைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் இருவரும் வாதாடினர். இறுதியில் ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றார். நொபிலி எழுதிய நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: 'ஆத்தும நிருணயம்', 'நித்திய ஜீவன சல்லாபம்', 'ஞானோபதேச காண்டம்'. ஆன்மா எத்தகையது, அதன் நிலையான வாழ்வு எது என்பதே அவர் ஓயாது சிந்தித்த பொருள் என்பது விளங்கும்.

சோதனை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1610-இல் உடன் உழைத்த பெர்னாண்டஸே அவருடைய முறைகளைக் குறித்து மேலிடத்திற்குப் புகார் எழுதினார். விசாரணைகள் பல நடந்தன. 1623-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இசைவளிக்கும்வரை அவர் பொறுமையோடு காத்திருந்தார்.

1636-இல் மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழுந்து நின்றது. அதன் தூண்களைக் கண்டு இன்றும் வியக்கிறோம். அதே நகரில் வாழ்ந்த இத்துறவி, 1640-இல் சிறையும் கண்டார். பின்னர் யாழ்ப்பாணத்திற்கும் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். பார்வை மங்கிய நிலையிலும் நூல்களைச் சொல்லி எழுதுவித்து, 1656-இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார். கட்டிய மாளிகை ஒன்றுமில்லை. விட்டுச் சென்ற விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். உயர்குலத்தாருக்குச் சந்நியாசிக் குருக்கள் என்றும், 1640 முதல் ஏனையோருக்குப் பண்டார சுவாமிகள் என்றும் ஏற்பட்ட பிரிவு, சாதி வேற்றுமையைத் திருச்சபைக்குள் நீடிக்க விட்டது. அதன் சுமை இன்னும் நம் தோளைவிட்டு இறங்கவில்லை.

அரண்மனையை விட்ட அருளானந்தர்

பண்டார சுவாமியாக வந்தவர்களுள் முதன்மையானவர் புனித அருளானந்தர். 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். பதினைந்தாம் வயதில் அரண்மனையைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் கப்பலேறி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். காட்டுப் பாதையிலும் கண்மாய்க் கரையிலும் கால் நோக நடந்து, இரவோடு இரவாகத் திருப்பலி நிறைவேற்றி, ஏழை எளியோரிடையே வாழ்ந்தார்.

1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளாகி, உயிர் பிழைத்தார். மிஷன் அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, அன்றைய இளவரசர் போர்த்துக்கல் மன்னராயிருந்தார். தம் பழைய தோழரை நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள மன்னர் விரும்பினார். உடன்பட்டிருந்தால் பட்டும் பதவியும் காத்திருந்தன. அவரோ 1690-இல் மீண்டும் மறவர் சீமையின் வெயிலைத் தேடி வந்தார்!

1693-ஆம் ஆண்டு சனவரியில் தடியத்தேவர் என்னும் மறவர்குலத் தலைவர் திருமுழுக்குப் பெற்றார். ஒருவருக்கு ஒரு மனைவி என்னும் ஒழுங்கின்படி முதல் மனைவியை மட்டும் ஏற்று, மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். முறையீடு அரண்மனைக்குப் போயிற்று, அருளானந்தர் சிறைப்பட்டார். சிறையில் கரியை மையாக்கித் தம் தோழருக்குக் கடிதம் எழுதினார். அதில் அச்சமில்லை, மகிழ்ச்சியே இருந்தது. 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று, ஓரியூர் மணல்மேட்டில் அவருடைய தலை வெட்டப்பட்டது. 1947-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவரைத் தேடி இன்றும் அங்கே செல்வோர் பலர்.

குருக்கள் இல்லாத காலம்

1759 முதல் போர்த்துக்கீசிய அரசு இயேசு சபையை ஒடுக்கியது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலரே எஞ்சினர். பல ஊர்களில் ஆண்டுக்கணக்காகத் திருப்பலியே இல்லை. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையினர் புதிய மதுரை மிஷனைத் தொடங்கியபோது, விசுவாசம் அழியாமல் இருப்பதைக் கண்டனர்.

காத்தவர் யார்? உபதேசியார்களே! அவர்களுக்கென்று வீரமாமுனிவர் 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதியிருந்தார். போதிப்பவர் முதலில் தாம் ஒழுக வேண்டும் என்று அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. பெயர்கூட எழுதி வைக்கப்படாத அந்த எளியோர், மாலைதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள். மரணப் படுக்கையில் இருந்தோருக்கு ஆறுதல் கூறினார்கள். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார்கள். தாய்மார் செபங்களை மக்களுக்கு மனப்பாடமாகக் கற்றுத் தந்தார்கள். சம்பளமில்லை, சிறப்புமில்லை, ஞான வாழ்வு ஒன்றே அவர்களுடைய சொத்து.

நமக்கு விட்டுச் சென்றது

1938-இல் மதுரை மறைமாவட்டமானது. 1953-இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. ஆலயங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. இவை இறைவனின் கொடைகளே. ஆனால் இவை கிளைகள், வேர் அன்று. உலகம் முழுவதையும் பெற்று ஆன்மாவை இழப்பவனுக்கு என்ன பயன் என்று நம் ஆண்டவர் எழுப்பிய கேள்வியை நொபிலியும் அருளானந்தரும் உபதேசியார்களும் தங்கள் வாழ்வால் எதிர்கொண்டார்கள்.

யூபிலியின் தோரணங்கள் சில நாள்களில் வாடிவிடும். மாலைச் செபம் ஒலிக்காத இல்லங்கள் எத்தனை? ஒரே பீடத்தில் அப்பம் பகிர்ந்தும் தெருவில் விலகி நிற்கும் மனங்கள் எத்தனை? வருவாய் உயர உயர இரக்கம் சுருங்கிய உள்ளங்கள் எத்தனை? யூபிலிக் கணக்கில் இவையும் எழுதப்பட வேண்டும். நம் முன்னோர் குடிலில் காத்துத் தந்த ஞானச் செல்வத்தை, கோபுரம் உயர்ந்த ஆலயத்தில் நாம் இழந்துவிடாதிருப்போமாக! புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!