பழைய மருந்து பிழைத்தது எப்படி?

சித்திரபுரம், பள்ளிவாசல், மூணாறு பக்கத்துத் தேயிலைக் காடுகளில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு பழகிய நோய். சரிவில் நிற்கும்போது ஒதுங்க இடம் கிடைப்பதில்லை. அதனால் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். எரிச்சல் தாங்கமுடியாமல் போனால் மருந்துக்கடையில் பலரும் கேட்பது 'ஒரு சிப்ரோ'.

பெரும்பாலும் இந்தச் சிறுநீர்த் தொற்றைத் தருவது நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்ற கிருமி. அதற்குக் கொடுக்கப்படும் இரண்டு மருந்துகளைப் பார்ப்போம். நைட்ரோஃபுரான்டாயின் 1953இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. சிப்ரோ எனப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் அங்கே அனுமதி பெற்றது 1987இல். இளைய மருந்து இரத்தம், சிறுநீரகம், எலும்பு என்று எங்கும் போய்ச் சேரும். ஆனாலும் தோற்று நிற்பது இளையதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய மருத்துவமனைகளில் நடத்தும் கண்காணிப்பில், ஈ.கோலையில் பாதிகூட சிப்ரோவுக்கு அடங்குவதில்லை. சிறுநீரில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை நைட்ரோஃபுரான்டாயினுக்கு இன்னும் அடங்குகின்றன. மலையிலுள்ள பெண்களின் கணக்கு இதே அளவு மோசமாக இருக்க வேண்டியதில்லை, திசை இதுதான்.

சிப்ரோ, கிருமியின் டிஎன்ஏ முறுக்கைச் சீராக்கும் நொதிகளைப் பிடிக்கிறது. அந்த நொதிகளின் மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினாலே அதன் பிடி தளர்ந்துவிடும். இன்னொன்று, அது குடலுக்குள்ளும் போகிறது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சளி என்று எதற்கெல்லாமோ விழுங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, மாறியவை மிஞ்சின. அடுத்த நீர்க்கடுப்பு அந்தக் கூட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது.

நைட்ரோஃபுரான்டாயின் இரத்தத்தில் நோயை வெல்லும் அளவுக்குத் தங்குவதில்லை. சிறுநீரில்தான் செறிகிறது, குடல் கிருமிகளை அதிகம் தொடுவதில்லை. கிருமியின் சொந்த நொதிகளே அதை நச்சாக மாற்ற, அது ரைபோசோம், டிஎன்ஏ என்று பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்குகிறது. தப்பிக்க வேண்டுமானால் கிருமி பொதுவாக இரண்டு நொதிகளை இழக்க வேண்டும்; அப்படி இழந்தது மந்தமாகவே வளரும். வேறு நோய்களுக்கு உதவாது என்ற குறைதான் இந்த மருந்தைக் காப்பாற்றியது என்பேன்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் நைட்ரோ கொடுங்கள்' என்று கடையில் கேட்டுவிடாதீர்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்புற வலி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இது போதாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பேறுகாலம் நெருங்கியவர்களுக்கும் கூடாது. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் இதற்கு இயல்பிலேயே அடங்கா. இந்த இரண்டு மருந்துகளுமே மருத்துவர் சீட்டின்பேரில் தரவேண்டியவை. கேரளம் 2018இல் ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கென்று தனிச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் சீட்டில்லாத விற்பனையைப் பிடிக்க 'ஆபரேஷன் அம்ருத்' தொடங்கியது. அந்தச் சோதனை எஸ்டேட் கடைவீதி வரை தொடர்ந்து நடக்க வேண்டும்.

கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு சரிவுக்கும் கழிப்பறையும் குடிநீரும் கொண்டுவருவது தோட்ட நிர்வாகங்களின் கடமை. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் பெண்கள் முதல் மாத்திரையைப் போடும் முன், நடுச்சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுத்து, கல்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.